களத்துக்கு முதுகு காட்டி

திராங் நகரத்துப் பள்ளிக்கூட வாசலில் அரிசி நூடுல்ஸ் கடை வைத்திருந்த லம்துவனுக்கு, போச்சியா ஆட்டக்களத்தில் ஒரு முக்காலி உண்டு. களத்துக்கு முதுகைக் காட்டி, மகள் சோமின் முகத்தைப் பார்த்தபடி அதில் உட்கார வேண்டும். கைகால் சொன்ன பேச்சு கேட்காத சோம், நெற்றியில் கட்டிய குச்சியால் சறுக்குக் குழாயில் பந்தைத் தள்ளுவாள். களத்தில் கிடக்கும் வெள்ளைப் பந்துக்கு யார் பந்து நெருங்கி நிற்கிறதோ, அவருக்குப் புள்ளி. அவள் சொல்லும் பக்கம் குழாயை நகர்த்துவது மட்டுமே அம்மாவின் வேலை. பந்து எங்கே போகிறதென்று திரும்பிப் பார்த்தால் குற்றம். எதிராளிக்கு ஓர் உபரிப் பந்து கிடைக்கும்; அது களத்தின் நடுக்கட்டத்துக்குள் நின்றால் ஒரு புள்ளி.

அந்தக் குழாயே லம்துவன் செய்ததுதான். நீல பிவிசி குழாயை ரம்பத்தால் நெடுக்கப் பிளந்து, உப்புத்தாளால் மூன்று நாள் தேய்த்திருந்தாள்.

மாகாண இறுதி ஆட்டம். ஜெயித்தால் தேசியப் போட்டி. சோம் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தாள்; கையிருப்பு ஒரே பந்து.

"வலது... இன்னும்... போதும்மா."

லம்துவனுக்கு அது ரொம்ப வலதாகப் பட்டது. பதினைந்து வருஷமாக மகள் வாய்க்குப் போகும் கரண்டியைக்கூடச் சரிபார்த்த கழுத்து அது. பந்து உருண்ட சத்தம் கேட்டதும் தானாகத் திரும்பிவிட்டது.

சோமின் சிவப்புப் பந்து வெள்ளைப் பந்தை ஒட்டி, முத்தம் கொடுத்த மாதிரி நின்றது. சமம்! அதே நொடியில் நடுவர் கையைத் தூக்கினார். எதிராளியின் உபரிப் பந்து நடுக்கட்டத்துக்குள் போய் நின்றது. அதோடு எல்லாம் முடிந்தது.

வேனில் பயிற்சியாளர் பிரசோத் சார், "விடுங்கக்கா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.

சோம் ஒவ்வொரு சொல்லாக இழுத்து வெளியே கொண்டுவந்தாள். "தோத்தது பரவால்லம்மா. நான் சரியாப் போடுவேன்னு... நீ நம்பலல்ல?"

லம்துவன் மகளின் நெற்றிக் குச்சியை அவிழ்க்க ஆரம்பித்தாள். சட்டம் மறந்துபோச்சு என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

கடையில் ஆட்டோக்காரன் சுசார்ட் சும்மா இருப்பானா? "என்னக்கா, இன்னைக்குக் குழம்பைப் பாத்து ஊத்துவியா, திரும்பி நின்னு ஊத்துவியா?"

"வாயை மூடிட்டுத் தின்னுடா" என்று சிரித்தாள். ஊற்றிய குழம்பு தட்டுக்கு வெளியே போயிற்று.

மறு வருஷம் ஆட்டத்துக்குப் பெயர் கொடுக்கும்போது சோம் சொன்னாள்: "குழாய்க்கு சார் உட்காரட்டும்." லம்துவன் தலையாட்டினாள். குழாயை அவளே துடைத்துக் கொடுத்தாள்.

ஆட்டத்தன்று பார்வையாளர் பக்கம் போய் உட்கார்ந்தாள். இங்கே எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம், யாரும் கை தூக்கப்போவதில்லை. அவளோ சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஆட்டம் அந்தப் பக்கம்!" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"தெரியும்மா."

முதல் சுற்று முடிந்தது. கைதட்டல் அடங்கியதும் களத்திலிருந்து குழறலாக, ஆனால் அரங்கமே கேட்கும்படி ஒரு குரல் வந்தது.

"அம்மா! திரும்பு!"

லம்துவன் முக்காலியில் இல்லை. ஆனாலும் அந்தக் கழுத்து இப்போது அசைய மறுத்தது.