நுரை அடித்த அறை

என் கணவருக்கு வியர்க்காது. இதைச் சொன்னால் சனம் பொறாமைப்படுகிறது. "குடுத்து வைச்ச மனுசன்" என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை சொன்னாள். அன்றோடு அவளுக்கு எங்கள் வீட்டில் தேத்தண்ணி நின்றது.

சண்டைக் காலத்தில் வெடித்த செல் துண்டு ஒன்று அவருடைய முள்ளந்தண்டில் பட்டு, தோளுக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. கைகள் அரைவாசி வேலை செய்யும். கால்களை நான் எடுத்து வைத்தால்தான் உண்டு. உணர்வு போன இடத்தில் வியர்வையும் வராது, அதனால் வெளியில் இருக்கிற வெக்கை உடம்புக்குள் ஏறி அங்கேயே நின்றுவிடும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் காய்ச்சல், அதையும் விட்டால் நினைவு தப்பும். பங்குனி பிறந்தால் வைகாசி முடியும்வரை எனக்கு வேறு வேலை கிடையாது. ஒரு வாளி தண்ணீர், இரண்டு துவாய், ஒரு ஃபான். கரண்டோ வெயில் உச்சிக்கு வரும் நேரம் பார்த்துத்தான் போகும்.

முள்ளியவளையில் எங்களுடையது வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. அதன் உள்வாசல்களால் சக்கர நாற்காலி நுழையாது. அதனால் பின்பக்கம் அகலமான வாசல் வைத்து ஓர் அறை இறக்கினோம். மேலே வெறும் தகரம். முன்பக்கம் இன்னோர் அறை இருக்கிறது. அதைக் கட்டியவர் கணவரின் தம்பி. கனடாவில் இருக்கிறார். வைகாசியில் வரும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்து தங்குவதற்காக, மாபிள் நிலம், சேர்ந்த குளியலறை, பெரிய அலுமாரி எல்லாம் வைத்துக் கட்டினார். அதற்கும் தகரம்தான். பொங்கலுக்கு ஒரு பத்து நாள் தவிர மற்ற நாளெல்லாம் பூட்டுத்தான். கிழமைக்கு ஒருமுறை நான் போய்த் தூசு தட்டுவேன். அங்கே குடியிருந்தது பல்லிகள் மட்டும்.

தம்பியைப் பற்றி என் கணவரிடம் ஒரு சொல் குறைவாகச் சொல்ல முடியாது. சின்ன வயதில் அவரைச் சைக்கிள் பாரில் வைத்து, மழையோ வெயிலோ, பள்ளிக்கூடத்துக்கு மிதித்துக்கொண்டு போனவர் இவர்தான். அந்தக் கதையை எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. தம்பி அதை ஒருமுறைகூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு மாசி மாதம் தம்பி வீடியோ கோல் எடுத்தார். எங்கேயோ ஓர் இருண்ட பொந்துக்குள் குனிந்து நின்றார். சுற்றிவர மஞ்சளாகப் புடைத்துக்கொண்டு ஏதோ ஒட்டியிருந்தது.

"அண்ணி, இஞ்ச பாருங்கோ. இது எங்கட வீட்டு முகட்டுக்கு உள்பக்கம். நுரை அடிச்சிருக்கு. வெளியில பனி கொட்டுது, நான் ரீசேட்டோட நிக்கிறன்."

"எங்களுக்கு இஞ்ச பனி கொட்டுறேல்லைத் தம்பி."

"அதுதான் விசயமே. இது குளிரையும் மறிக்கும், வெக்கையையும் மறிக்கும். கொழும்பில அடிக்கிற ஆக்கள் இருக்கினம். நான் கதைச்சு எல்லாம் குடுத்திட்டன். வந்து தகரத்துக்குக் கீழால அடிச்சு விடுவினம்."

உள்ளதைச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் எனக்கு அவர்மேல் அப்படியொரு அன்பு பொங்கியது. கண் கலங்கிவிட்டது. கும்பிடலாம் போலிருந்தது. அதற்குள் அவரே அதைக் கெடுத்தார்.

"முதல்ல என்ர அறைக்கு அடிச்சுப் பாப்பம். போனமுறை பிள்ளையள் வெக்கையில அவிஞ்சு போச்சினம். நல்லா வந்தா, பிறகு ஆறுதலா அண்ணான்ர அறையையும் பாக்கலாம்."

போனைக் கணவரின் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவரே கேட்கட்டும் என்று நினைத்தேன். நெஞ்சில் ஈரத்துவாயோடு படுத்திருந்த மனிதர் சொன்னார்: "ஓம் ஓம், உன்ர அறைக்கே அடி. எனக்கு இஞ்ச நல்ல காத்து."

காற்றாம். அந்த அறையில் காற்று வந்தால் அது தகரத்தைத் தொட்டுவிட்டு அடுப்பு ஊதினதுபோலத்தான் வரும்.

போனை வைத்ததும் கேட்டேன், "ஏன் இப்பிடிப் பொய் சொல்லுறீங்கள்?"

"தானம் தந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறதே? அவன் எங்களுக்குச் செய்யிறது காணும். என்ர காய்ச்சல் கதையொண்டும் அவனுக்குச் சொல்லாதையும். அங்க கிடந்து யோசிப்பான்."

நக்குண்டார் நாவிழந்தார் என்பார்கள். இழந்தது அவருடைய நாக்கு. என்னுடையது வாயிலேயே இருந்தது.

லொறி ஒரு காலை நேரத்தில் வந்தது. இரண்டு பெரிய பரல்கள், ஒரு மெசின், யானைத் தும்பிக்கை மொத்தத்தில் ஒரு குழாய். மேற்பார்த்தவர் மலையகத்துக்காரர், வாயில் வெற்றிலை. கணவரை நான் முன்கூட்டியே சக்கர நாற்காலியில் இருத்தி மாமரத்துக்குக் கீழே கொண்டுபோய் விட்டிருந்தேன்.

"அக்கா, எந்த ரூமுக்கு அடிக்கணும்? சார் ஒரு ரூம்னுதான் சொன்னாரு" என்று அவர் கேட்டார்.

"பின்னறைக்கு."

"முன்னாடி ரூம்னு சொன்ன மாதிரி ஞாபகம்."

"கனடாவில இருந்து பாத்தா முன்னுக்குத் தெரியிறது இஞ்ச பின்னுக்குத்தான். ரெண்டும் ஒரே அளவு. அடியுங்கோ."

அவர் சிரித்துவிட்டு ஆட்களைப் பின்பக்கம் அனுப்பினார். கட்டில் வெளியே வந்ததும் மாமரத்தடியிலிருந்து சத்தம் கேட்டது.

"இஞ்சரும்! அது என்ர கட்டிலெல்லே!"

"ஓம், உங்கட கட்டில்தான்."

"அவன் சொன்னது முன்னறைக்கு. விசர்வேலை பாக்காதையும். என்னை அங்க கொண்டு போம்!"

எங்கள் முற்றம் மணல். சில்லுப் புதையும். பின்னாலிருந்து நான் தள்ளாமல் அவர் ஓரடிகூட அசைய முடியாது. அன்றைக்கு நான் தள்ளவில்லை. அவர் கத்தக் கத்தக் குசினிக்குள் போய் வேலையாட்களுக்குத் தேத்தண்ணி போட்டேன். இதற்காக என்னைத் திட்டுகிறவர்கள், சித்திரை வெயிலில் ஒருநாள் வந்து அந்தத் தகரத்துக்குக் கீழே படுத்துவிட்டுத் திட்டட்டும்.

வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்ட ஒருவன் குழாயை மேலே பிடித்தான். தகரத்தில் முதலில் தண்ணீர்போல ஏதோ படிந்தது. பார்த்துக்கொண்டிருக்கவே அது புளித்த தோசைமா மாதிரி பொங்கி, கைவிரல் நீளத்துக்குத் தடித்து, அப்படியே இறுகியது. ஆணித் துவாரம், தகரம் பொருந்தும் இடுக்கு, சிலந்திக்கூடு எல்லாவற்றையும் மூடிக்கொண்டு போனது. மணம் மட்டும் குடலைப் பிடுங்கியது. ஒருநாள் முழுக்க அறைக்குள் படுக்க வேண்டாம் என்றார்கள். விறாந்தையில் கட்டிலைப் போட்டேன். அவர் என்னோடு கதைக்கவில்லை.

மறுநாள் தம்பி வாட்சப்பில் கேட்டார்: அடிச்சாச்சோ அண்ணி? புடைத்துக்கொண்டிருந்த மஞ்சள் முகட்டைப் படம்பிடித்து அனுப்பி, அடிச்சாச்சு என்று எழுதினேன். சூப்பர் என்று ஒரு பெருவிரல் வந்தது. நான் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை.

அறை குளிர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஏசி போட்ட இடம் அல்ல அது. சன்னலால் வருகிற வெக்கை வரத்தான் செய்தது. ஆனால் மேலேயிருந்து நெருப்பு இறங்குவது நின்றது. முந்தி மத்தியானத்தில் நான் கையை உயர்த்தினால் உள்ளங்கை சுடும். இப்போது அண்ணாந்து படுக்கலாம். துவாய் காய்வதற்கு முந்தியதைவிட நேரமெடுத்தது. சித்திரை முழுவதும் அவருக்கு ஒரு காய்ச்சல் வரவில்லை. செல் பட்ட நாளிலிருந்து இது முதல் தடவை.

அதற்காக மனிதர் ஒரு நல்ல சொல் சொன்னாரா? "காகம் தகரத்தில நடக்கிறது கேக்குதில்லை" என்றார்.

"காகத்துக்குச் சொல்லிவிடுறன், உள்ளுக்கு வந்து நடக்கச் சொல்லி" என்றேன்.

வைகாசியில் தம்பி வந்து இறங்கினார். மனைவி, இரண்டு பிள்ளைகள், சக்கரம் வைத்த பெட்டிகள். முன்னறையைத் திறந்ததும் பாண் சுடும் போறணை வாயைத் திறந்த மாதிரி வெக்கை முகத்தில் அடித்தது. பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். தம்பி அண்ணாந்து பார்த்தார். வெறுந்தகரம்.

"அண்ணி, நுரை எங்க?"

"வாங்கோ, காட்டுறன்."

பின்னறையின் நடுவில் நின்று முகட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சண்டைக்கு நான் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு தயாராக இருந்தேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. தாழ்ந்த குரலில், நியாயஸ்தன் மாதிரிச் சொன்னார்:

"சரி அண்ணி, நடந்தது நடந்து போச்சு. ஒரு பத்து நாள்தானே. அறையை மாத்துவம். அண்ணாவை நான் தூக்கி முன்னறையில விடுறன். பிள்ளையளுக்கு ஏலாது, பாத்தீங்கள்தானே."

கட்டிலிலிருந்து உடனே பதில் வந்தது. "ஓம், மாறுவம். எனக்கு எங்க கிடந்தாலும் ஒண்டுதான்."

எனக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது.

"மாறேலாது" என்றேன். "உங்கட அண்ணாவுக்கு வேர்க்காது தம்பி. தெரியுமோ உங்களுக்கு? உங்கட பிள்ளையளுக்கு வெக்கையெண்டா வேர்க்கும், அழுவினம், ரெண்டு வாளி தண்ணி வாத்தாச் சரி. இவருக்குச் சூடு மூளைக்கு ஏறும். போன வருசம் நீங்கள் கோயிலுக்குப் பாற்செம்பு எடுத்துக்கொண்டு போகேக்க, இவர் இந்தக் கட்டில்ல நினைவில்லாமல் கிடந்தவர். திரும்பி வந்து கேட்டீங்கள், அண்ணா நித்திரையோ எண்டு. ஓம் எண்டு சொன்னனான். அப்பிடிச் சொல்லச் சொன்னது இவர். அம்மாளின்ர கோபம் தணியப் பொங்கவெண்டு கனடாவில இருந்து வாறீங்கள். கூடப் பிறந்தவன்ர நெத்தியில ஒருக்கால் கை வைச்சுப் பாத்தீங்களோ?"

தம்பியின் முகம் வெளிறியது. வாசலில் நின்ற அவருடைய மனைவி பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

"வாயை மூடும்" என்றார் என் கணவர்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் என்னிடம் சொல்லாத சொல் அது. செல் பட்ட நாளில்கூட என்னைத்தான் தேற்றியவர்.

பின்னேரத்துக்குள் வான் வந்தது. கிளிநொச்சியில் ஏசி போட்ட ஹோட்டலில் அறை எடுத்திருக்கிறார்களாம். பெட்டிகளை நான் தொடவில்லை. படுக்கைப்புண் வராமல் இருக்கக் கணவரைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்திருந்த நேரம் அது. நான் பின்னறைக் கட்டில் தெரியும்படி குசினி வாசலில் நின்றேன். தம்பி பின்னறைக்குள் தனியாக வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றார். அண்ணனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றவர், குனிந்து, போர்வைக்கு வெளியே கிடந்த ஒரு காலை இரண்டு கையாலும் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். வானில் ஹோர்ன் அடித்தது. காலை மெதுவாக வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போனார்.

அந்தக் கிழமை ஊரே வெந்தது. கிணற்றடி வாழையிலைகள் கருகின. நான் நாளுக்குப் பல தடவை அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. நான் கை வைக்கும்போதெல்லாம் அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். உடம்பில் அவராகத் திருப்பக்கூடியது அந்தத் தலை ஒன்றுதான், அதையும் என்னிடமிருந்து திருப்பினார். "தண்ணி" என்பார். "காணும்" என்பார். வேறு கதையில்லை. திருப்பினால் திருப்பட்டும், எனக்கு நெற்றி குளிர்ந்தால் போதும் என்று வீம்புக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போதவில்லை. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன, அரிசி கழுவும்போதுகூட.

பொங்கல் முடிந்தது. தம்பி குடும்பம் ஹோட்டலிலிருந்து கோயிலுக்குப் போய், அப்படியே கொழும்புக்குப் போய்விட்டதாகச் சனம் சொன்னது. அன்று முதுகு துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"நான் நித்திரையில்லை அண்டைக்கு. வந்தவன், நிண்டவன், போயிட்டான். ஒரு சொல்லுச் சொல்லேல்லை. தொட்டுக்கூடப் பாக்கேல்லை. உம்மட வாயாலதான்."

துவாயைப் பிழிந்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்தக் கனடாக்காரனுக்கு என் வாயால் ஒரு நல்ல பெயர் எடுத்துக் கொடுக்க எனக்கு என்ன தலைவிதி? ஆனால் அந்த முகம் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

"தொட்டவர்" என்றேன். "காலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். வான் ஹோர்ன் அடிக்குமட்டும் விடேல்லை. உங்களுக்குத் தெரிஞ்சிராது."

அவர் தலையைத் திருப்பினார். அத்தனை நாளுக்குப் பிறகு என்னை நேரே பார்த்தார்.

"எந்தக் கால்?"

"இடது."

"போர்வையை ஒருக்கால் எடும்."

எடுத்தேன். தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார். வைத்தேன். மெலிந்து, காய்ந்துபோய்க் கிடந்த அந்த இடது காலைப் புதிதாக வந்த ஒன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அதே காலையும் அடுத்த காலையும் பிடித்து, தூக்கி, துடைத்து, திருப்பி வைக்காத நாளில்லை. என்னிடம் ஒருநாளும் எந்தக் கால் என்று அவர் கேட்டதில்லை.