பலாப்பழம் சுமந்த மேஸ்திரி

பயந்தாங்கொள்ளி என்று யாரையாவது காட்ட வேண்டுமென்றால் தாராளமாக என்னைக் காட்டலாம். இடிக்குப் பயம், பாம்புக்குப் பயம், துரை வளர்த்த நாய்க்குப் பயம். ஆனால் ஒரு சிரிப்புப் புத்தகத்துக்குப் பயந்து பத்து நாள் சோறு இறங்காமல் கிடந்தவள் இந்தச் சேர்வராயன் மலையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வெள்ளைக்காரத் துரைமார் காலம் அது. ஏற்காட்டிலிருந்து கரடியூர் போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட். கூலிக்காரர்களுக்கென்று வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. என் அம்மா ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாத்திரம் தேய்த்தாள். அந்தச் சாக்கில் சின்ன வயதில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நானும் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அதனால் லைனில் யார் கடுதாசி போட வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். எனக்கு அது ரொம்பப் பெருமை. வினையும் அந்த வழியாகத்தான் வந்தது.

புத்தகத்தைக் கொடுத்தவர் துரை பங்களாவின் சமையல்காரர். பட்டணத்திலிருந்து வந்த விருந்தாளி யாரோ விட்டுவிட்டுப் போனதாம். அடுப்பு மூட்ட எடுத்து வைத்தவர், நான் படிப்பேனே என்று கொண்டுவந்து கொடுத்தார். அட்டை இல்லை, முதல் நாலு தாளும் இல்லை. கதைக்கு என்ன பேர், எழுதியவர் யார் என்பதெல்லாம் எனக்குக் கடைசிவரை தெரியாது. தை மாதம் களத்தில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருக்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சொத்தைக் கொட்டையைப் பொறுக்கிப் போடுவோம். மத்தியானச் சோற்று நேரத்தில் நான் அவர்களுக்கு அந்தப் புத்தகத்தைச் சத்தம் போட்டுப் படித்தேன்.

கதை இதுதான். ஒரு மலை எஸ்டேட்டுக்குப் புதிதாக ஒரு துரை வருகிறார். அவருக்குக் காப்பிச் செடியும் தெரியாது, ஆளையும் தெரியாது. ஆனால் எதற்கெடுத்தாலும் விசாரணை வைப்பார். ஒருநாள் பங்களாத் தோட்டத்துப் பலாப்பழம் காணாமல் போகிறது. மரத்தடியில் மேசை நாற்காலி போட்டு நாலு நாள் விசாரணை. தோட்டக்காரன், சலவைக்காரன் என்று வரிசையாகக் கூப்பிட்டு, ஆள் தீர்ந்துபோய்க் கடைசியில் நாயையும் சாட்சிக்கு நிற்க வைக்கிறார். அத்தனை பெரிய பழத்தை ஒரே ஆள் தூக்க முடியுமா என்று நடுவில் ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. அதைத் தீர்த்துக்கொள்ள, இன்னொரு பலாப்பழத்தைக் கூலிக்காரர்களை மேய்க்கிற மேஸ்திரியின் தலையில் ஏற்றி உச்சி வெயிலில் நிற்க வைக்கிறார். முடிவில் பார்த்தால், பழத்தைச் சமையல்காரன் ஜாம் காய்ச்சி வைத்திருக்கிறான். அதைத் தினமும் ரொட்டியில் தடவித் தின்றவர் துரையேதான். வழக்கு முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் இன்னொரு ரொட்டி கேட்கிறார்.

பெண்கள் சிரித்த சிரிப்பில் களமே அதிரும். துரை காதில் விழுந்துவிடுமோ என்று நான் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் படிப்பேன். மேஸ்திரி பழம் சுமக்கிற அத்தியாயத்தின் கடைசியில் அவர் வீட்டுக்குப் போவதைப் பற்றி ஏழெட்டு வரி இருந்தது. அதை நான் படிக்காமல் தாண்டிவிட்டேன். அடுத்தது நாயை விசாரிக்கிற இடம், அதற்குத்தான் எல்லோரும் பறந்தார்கள்.

சித்திரையில் ஏரிப் பக்கம் டூரிங் கொட்டாய் போட்டார்கள். எஸ்டேட் கதை என்று தண்டோரா போட்டதும் லைனே கிளம்பிப் போனது. படம் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நம் புத்தகம். ஆனால் கோமாளித் துரையைக் காணோம். துரையைக் கேலி பண்ணினால் சர்க்கார் படத்தை வெளியே விடுமா? அவர் செய்த கூத்தையெல்லாம் தூக்கி மேஸ்திரி தலையில் கட்டிவிட்டார்கள். பெரிய தொந்தி, கொடுவாள் மீசை, கையில் குடை. வாயைத் திறந்தால் "நான் யார் தெரியுமா?" என்பார், கூலிக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் "தெரியாதுங்க" என்பார்கள். புத்தகத்தில் இல்லாத ஒரு பெண் அருவி ஓரத்தில் நாலு பாட்டுப் பாடினாள். துரை கடைசியில் குதிரையில் வந்து நியாயம் சொல்லி மாலை வாங்கிக்கொண்டார். புத்தகத்தில் சிரிப்பு எங்கேயிருந்து வருகிறது என்றே தெரியாது, படித்து முடித்த பிறகு வரும். படத்தில் இதோ சிரியுங்கள் என்று முதலில் டோலக்கை அடித்துவிடுகிறார்கள். அதற்கும் விழுந்து விழுந்து சிரித்தேன், பொய் சொல்வானேன்.

படத்தில் பழத்தைத் திருடுவதும் மேஸ்திரிதான். தண்டனையாகத் தலையில் பழத்தைச் சுமந்து நிற்கிறார். சேற்றில் வழுக்கி விழுகிறார், பலாப்பால் வழிந்து மீசை குடையோடு ஒட்டிக்கொள்கிறது. கொட்டாய் கிழிகிற மாதிரி சத்தம். அப்போது எங்கள் லைன் ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பி, பின்னால் பெஞ்சில் மனைவியோடு உட்கார்ந்திருந்த எங்கள் மேஸ்திரியைப் பார்த்தார்கள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஏன் பார்த்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். போன காப்பிப் பழப் பறிப்பில் எங்கள் துரை கூடையில் பச்சைக் காய் கிடப்பதைக் கண்டுபிடித்தார். பழுக்காததைப் பறித்தது நாங்கள். ஆனால் எங்களை வேலை வாங்குகிறவர் மேஸ்திரி. பச்சைக் காய் நிறைந்த கூடையைத் துரை அவர் தலையில் ஏற்றி, நிறுத்துப் போடுகிற இடத்தில் மத்தியானத்திலிருந்து பொழுது சாய்கிற வரை நிற்க வைத்தார். நாங்கள் வரிசையில் நின்று பார்த்தோம். அதைப் பற்றி அப்புறம் ஒருத்தர்கூடப் பேசவில்லை. பேசக்கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. படம் வந்த மறுநாளே அந்த அடக்கம் போயிற்று. மேஸ்திரி தலை மறைந்ததும் யாராவது ஒருத்தர் "நான் யார் தெரியுமா?" என்பார், காட்டுக்குள்ளிருந்து "தெரியாதுங்க" என்று பத்துக் குரல் வரும்.

மூன்றாம் நாள் நான் களை வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு மேஸ்திரி வந்தார். கூட இருந்தவர்களைத் தள்ளிப் போகச் சொன்னார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குரலே எழும்பவில்லை.

"கடுதாசி எழுதறவ இங்க நீ ஒருத்திதான். சினிமாக்காரனுக்கு என்னையப் பத்தி எழுதிப் போட்டதும் நீதான்."

அடக் கடவுளே! அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. தலையில் சுமையோடு வெயிலில் நின்ற மேஸ்திரியைப் பட்டணத்துச் சினிமாக்காரன் கனவிலா கண்டான்? யாரோ எழுதித்தானே இருக்க வேண்டும்? பயத்தில் நான் உளறிவிட்டேன், அது களத்தில் நான் படித்துக் காட்டிய பழைய புத்தகத்துக் கதை, என்னிடம் அந்தப் புத்தகம் இருக்கிறது என்று.

அப்படியானால் கொண்டுவந்து காட்டு என்றார். ஞாயிற்றுக்கிழமை வரை தவணை. காட்டாவிட்டால் லைன் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு மலையை விட்டு இறங்கிவிட வேண்டும்.

என் வீட்டுக்காரர் அப்போது நிழல் மரத்துக் கிளை வெட்டும்போது விழுந்து கால் ஒடிந்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிப் படுத்திருந்தார். எழுந்து வாசல் வரை போவதற்கே என் தோள் வேண்டும். நான் வேலைக்குப் போவதால்தான் அந்த வீடு எங்களுக்கு. கீழே சமவெளியில் எங்களுக்கென்று ஒரு கூரையும் கிடையாது. அவரை நான் எங்கே தூக்கிக்கொண்டு இறங்குவேன்?

புத்தகத்தைக் காட்டினால் மட்டும் என்ன? அதில் கோமாளி துரை. மேஸ்திரி கையிலிருந்து அது எங்கள் துரை கைக்குப் போனால், துரையை வைத்துக் களத்தில் கூலிப் பெண்களைச் சிரிக்க வைத்தவள் என்று என்னை மட்டுமல்ல, சமையல்காரரையும் சேர்த்துத் துரத்துவார். சமையல்காரர் சேதி கேட்டு வியர்த்துப்போய் ஓடி வந்தார். தன் பேரை மட்டும் சொல்லிவிடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் படுத்தபடியே, அந்தச் சனியனை அடுப்பில் போடு என்றார். நானும் அடுப்புக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார்ந்தேன். எரித்துவிட்டால் நான் கடுதாசி எழுதவில்லை என்பதற்கு வேறு சாட்சி ஏது என்று திரும்ப எடுத்துவந்து அரிசிப் பானைக்குள் வைத்தேன். காட்டினாலும் போச்சு, காட்டாவிட்டாலும் போச்சு. அந்த வாரம் முழுக்க இப்படித்தான், அடுப்புக்கும் பானைக்குமாக.

சனிக்கிழமை ஒரு யோசனை வந்தது. மேஸ்திரிக்கு எழுத்து தெரியாது. துரை என்று வருகிற இடத்திலெல்லாம் ஜமீன்தார் என்று படித்துவிட்டால்? பழைய புத்தகம் என்பதும் தெரிந்துவிடும், துரை பேச்சும் வராது. தடுக்காமல் வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். ஓடு போட்ட வீடு. மேஸ்திரியின் மனைவி உள்ளே சுவரோரமாக உட்கார்ந்து முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, நான் வாயைத் திறப்பதற்குள் தாளைப் புரட்டினார். புத்தகத்தில் படம் இருந்ததை நான் மறந்தே போனேன். மரத்தடியில் மேசை, எதிரே நாய், நாற்காலியில் தொப்பியும் வாயில் புகைக்கிற சுங்கானுமாக ஒருவர். மேஸ்திரி தொப்பி மேல் விரலை வைத்தார்.

"இது யாரு?"

என் ஜமீன்தார் அந்த நிமிஷமே ஓடிப்போனார். "தொரைங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேஸ்திரி என்னை நிமிர்ந்து பார்த்தார், அப்புறம் படத்தைப் பார்த்தார். பழம் சுமக்கிற இடத்தைப் படி என்று புத்தகத்தை நீட்டினார்.

படித்தேன். துரை என்ற சொல் வரும்போதெல்லாம் கண் வாசலுக்குப் போய்விட்டு வந்தது. களத்தில் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த வரிகள் எல்லாம் அந்த வீட்டுக்குள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. அவர் முகம் அசையவில்லை. துரை சந்தேகம் தீர்ந்து மேஸ்திரியைப் போகச் சொல்கிற இடம் வந்ததும், வழக்கம்போல அங்கேயே நிறுத்திப் புத்தகத்தை மூடப் போனேன். அவர் தாளைப் பிடித்துக்கொண்டார். எழுத்து தெரியாதவருக்கும் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பது தெரியுமே. அதையும் படிக்கச் சொன்னார்.

அந்த மேஸ்திரி இருட்டிய பிறகு வீட்டுக்குப் போகிறார். தலைமுடியில் என்ன இப்படிப் பிசின் என்று மனைவி கேட்கிறாள். பலா மரத்தடியில் வந்தேன், பால் சொட்டிவிட்டது என்கிறார். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு, பிசின் விட்டுப்போகிற வரை ஒவ்வொரு முடியாகத் தேய்த்துவிடுகிறாள். அவ்வளவுதான் இருந்தது.

நான் நிறுத்தியபோது முறத்துச் சத்தமும் நின்றிருந்தது.

"இதையும் களத்துல படிச்சியா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"இல்லீங்க."

"ஏன்?"

பொய் சொல்ல நினைத்தேன், வரவில்லை. "சிரிப்பு வராதுங்க. அதான் உட்டுட்டேனுங்க."

சினிமாக்காரனை வாரம் முழுக்க மனசுக்குள் திட்டித் தீர்த்தவள் நான். அவன் விட்ட அதே இடத்தைத்தான் நானும் விட்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, பயத்தோடு சேர்ந்த வெட்கம். மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சுவரைப் பார்த்தபடியே அவர் மனைவி பேசினார்.

"கெணத்தடியில வழுக்கி உழுந்து கழுத்துப் புடிச்சுக்கிச்சுன்னு அன்னிக்குச் சொன்னீங்க. ஒத்தடம் குடுத்தப்பவே எனக்குத் தெரியுமுங்க."

அந்தப் பத்து நாளில் நான் அதிகமாகப் பயந்தது அந்த நிமிஷத்தில்தான். இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கிறவளை அவர் இனி எப்படி இந்த மலையில் இருக்க விடுவார்? எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்றே தெரியாமல் அவர் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மனைவி மறுபடியும் முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தார்.

"காலைல வெள்ளன வந்துரு கண்ணு" என்றார் மேஸ்திரி. "மேக்கால காட்டுல களை கெடக்குது."

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். என் வீட்டுக்காரர் கட்டிலில் எழுந்து உட்கார முயன்றபடி, எப்போது காலி பண்ணச் சொன்னார் என்று கேட்டார். வெள்ளன வேலைக்கு வரச் சொன்னாருங்க என்று சொல்லிவிட்டு அவர் கட்டுப் போட்ட காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம்தான் புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகும் பல மாதம் துரையின் குதிரைச் சத்தம் கேட்டால் செடி மறைவில் ஒதுங்கிவிடுவேன். புத்தகம் துரையிடம் போகவே இல்லை. ஒருநாள் தண்ணீர் எடுக்கிற இடத்தில் மேஸ்திரியின் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த எண்ணெய் தேய்க்கிறது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, வீட்டுக்கு வந்து ஒரு கோழி இறகு வைத்து அடையாளம் காட்டிவிட்டுப் போகிறாயா என்று கேட்டார்.