வெளியிலிருந்து வந்த மூக்கு

மின்சிலு ருஷ்யாவின் உஃபா நகரத்துக்காரி, பஷ்கீர் இனப் பெண். எங்கள் ஆய்வுக்கூடத்தின் ஓசோன் கருவி அவள் பொறுப்பு. வாய் சற்று நீளம்தான், ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

கால்பந்துக் கூடுபோல் உருண்ட கார்பன் மூலக்கூறைக் கரைப்பானில் போட்டால் அழகான ஊதா நிறம். அதில் ஓசோனைக் குமிழியாக விட்டால் கூடு ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். ஊதா போய்ப் பழுப்பாகும். அந்தப் பழுப்பில் தண்ணீர் பட்டால் ஒளி வருகிறது என்றாள் மின்சிலு. கண்ணுக்குத் தெரியாத ஒளி, ஒளி அளக்கும் கருவியின் முள்ளுக்குத்தான் தெரியும். மிச்சமிருக்கும் ஓசோன்தான் ஒளிர்கிறது என்று ஆய்வுக்கூடத் தலைவர் தட்டிக் கழித்துவிட்டார். ஓசோனைச் சுத்தமாக விரட்டிவிட்டு ஒளியைக் காட்டியாக வேண்டும். குளிர்காலம் முழுக்க அவளுக்கு அதே வெறி, கூடவே விடாத இருமல். தேன் கலந்த தேநீரைக் குடித்துச் சமாளித்தாள்.

ஓசோன் அறையில் இருப்பவர்களுக்கு மூக்கு மரத்துப்போகும். வெளியிலிருந்து வருகிறவரை மோந்து பார்க்கச் சொல்வது எங்கள் வழக்கம். அன்று பனியை உதறிக்கொண்டு நான் நுழைந்தேன்.

"வாடி நேலி, உன் மூக்கைக் கொஞ்சம் கடன் குடு!"

ஆர்கான் வாயு செலுத்தி ஓசோனை விரட்டிய பழுப்புக் கரைசல் குடுவையை நீட்டினாள். அதில் ஓசோன் வாடையே இல்லை. அறையில்தான் குப்பென்று அடித்தது! மோப்பம் பிடித்துப் போனேன். கடையில் கண்ணாடிக் குழாய் கிடைக்காததால் அவளே மாட்டிய ரப்பர் குழாய், அவள் நாற்காலிக்குப் பின்னால் வெடித்துக் கிடந்தது. ஓசோன் ரப்பரைத் தின்னும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

"அடிப்பாவி! இதையாடி இத்தன நாளா மூச்சுல இழுத்துட்டிருந்த?"

"தற்காலிகமாத்தான் போட்டேன். கத்தாதே. குடுவை சுத்தமா இல்லையா, அத சொல்லு."

"சுத்தம்தான். நீ மொதல்ல வெளிய போ!"

ஓசோன் கருவியை அணைத்தேன். இருமல் அவளை மடக்கிப் போட்டது. நடைவழி ஜன்னலைத் திறந்து அங்கே நிறுத்தினேன்.

"தண்ணிய ஊத்துடி," என்றாள் மூச்சு வாங்கியபடி. "காக்க வச்சா கெட்டுப்போயிடும்."

நான் உள்ளே ஓடிக் குடுவையில் ஊற்றினேன். முள் எழுந்தது, நிமிர்ந்து எழுந்தது.

"ஏறுதுடி மின்சிலு! ஏறுது!"

அவளால் திரும்ப முடியவில்லை. ஜன்னல் கட்டையைப் பிடித்தபடி கையை மட்டும் தூக்கினாள். நுரையீரல் அதற்குப் பிறகு தேறவே இல்லை. பனி உருகும் முன் அவளைப் புதைத்தோம். தலைவர் இப்போது அந்த ஒளியை நம்புகிறார். அவள் பார்க்க வேண்டியதை நான் பார்த்தேனே என்று எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.