தங்கையின் கட்டைவிரலுக்கு ஒரு டிரைவர்

என் வேலையை வீட்டில் யாருக்கும் விளக்கி ஜெயித்ததில்லை. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் உள்ளே முதலில் எழுந்து மற்ற எல்லாவற்றையும் மேய்க்கிற நிரலுக்குக் கர்னல் என்று பெயர். கீபோர்டோ கேமராவோ எதைச் சொருகினாலும், அதோடு பேசத் தெரிந்த ஒரு துண்டு அந்தக் கர்னலுக்குள் இருக்க வேண்டும். அதுதான் டிரைவர். எந்த டிரைவர் வேண்டும், எது வேண்டாம் என்று கர்னலைக் கட்டுவதற்கு முன்பே ஒவ்வொன்றாகச் சொல்லித் தொலைக்க வேண்டும். வேண்டும் என்றால் y. வேண்டாம் என்றால் n. தனியாக வைத்துக்கொண்டு தேவைப்படும்போது மாட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம் என்றால் m. ஆயிரக்கணக்கில் கேள்விகள். பெங்களூரில் இருக்கிற ஒரு கம்பெனிக்காக இலஞ்சியில் மாடி அறையில் உட்கார்ந்து இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "பட்டன் அமுக்குத வேலை" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். அதிலும் தப்பில்லை.

போன குற்றால சீசனில் தங்கையும் அவள் கணவரும் ஐந்தருவியில் குளித்துவிட்டு பைக்கில் திரும்பும்போது ஒரு கார் மோதியது. அவர் பட்டாளத்துக்காரர், லீவில் வந்திருந்தார். ரோட்டிலேயே போய்விட்டார். தங்கை நினைவில்லாமல் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் கண் விழிப்பதற்குள் வீரகேரளம்புதூரில் அவர் வீட்டில் எல்லாக் காரியமும் முடிந்திருந்தது. விழித்தவளுக்குக் கண்கள் இரண்டும் வலது கை கட்டைவிரலும் மட்டும்தான் அசைந்தன. பேச்சு இல்லை. மூளைத்தண்டில் அடி, ஆனால் புத்தி முழுசாக இருக்கிறது, நீங்கள் பேசுவதெல்லாம் அவளுக்குக் கேட்கும் என்று டாக்டர் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு இருக்கும், ஆனால் நம்முடையதாக இருக்காது. எனக்கு உடம்பு முழுக்க அப்படி ஆகிவிட்டது. கோபம் மட்டும் வந்தது. அழுகை வரவில்லை. வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது என்ன கல்லு மாதிரி நிக்குது" என்று என் காதில் விழும்படியே பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியப்பாதான் முடிவெடுத்தார். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முடிவெடுத்தால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

"இப்பச் சொன்னா அந்தப் புள்ள தாங்காது. உடம்பு தேறட்டும். மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல, லீவு முடிஞ்சு போயிட்டாரு, நாம கூப்பிட்டா அங்கன போன் எடுக்காதுன்னு எல்லாரும் ஒண்ணு போலச் சொல்லுங்க."

எல்லாரும் ஒண்ணு போலச் சொன்னோம். தங்கையை இலஞ்சிக்குக் கொண்டுவந்து கீழறையில் கிடத்தியதிலிருந்து அம்மா தினமும் காலையில் அவள் முகம் துடைத்து, நெற்றியில் குங்குமம் வைத்து, தலையில் ஒரு துண்டுப் பூவும் வைத்தாள். தாலி கழுத்திலேயே கிடந்தது. வைத்து முடித்ததும் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். வாரம் ஒருமுறை பெரியப்பா வந்து, "மாப்பிள்ளை போன் பண்ணுனாரும்மா! உன்னயத்தான் விசாரிச்சாரு!" என்று வீடே அதிரக் கத்துவார். "அவளுக்குக் காது நல்லாத்தான் கேக்குது பெரியப்பா, தெருவுக்குத்தான் கேக்கலயாம்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். பத்து நாள் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

தங்கையோடு பேசுவதென்றால் நாங்கள் கேட்க வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும். ஆமாம் என்றால் கண்ணை ஒருமுறை மூடுவாள். இல்லையென்றால் மேலே பார்ப்பாள். பசிக்குதா, வலிக்குதா, திருப்பிப் படுக்க வைக்கவா, டிவி போடவா. நமக்குத் தோன்றுகிற கேள்விதானே நாம் கேட்போம்? ஒரு தடவை பிசியோதெரபி செய்ய வருகிற பெண் அட்டையில் எழுத்துகளை எழுதி, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். 'அ' வந்ததும் தங்கை கண்ணை மூடினாள். "அம்மாதான? அம்மா இங்கனதான் இருக்கேன் தாயி!" என்று அம்மா அவள் மேலே விழுந்து ஒரே அழுகை. அடுத்த நாளும் அதே கூத்து. பிள்ளையைப் போட்டு வருத்த வேண்டாம் என்று பெரியப்பா அந்த அட்டையை பீரோ மேலே தூக்கிப் போட்டார்.

அந்த பிசியோப் பெண்தான் பிறகு ஒரு பட்டன் கொண்டுவந்தாள். உள்ளங்கை அகலம், சிவப்பு நிறம். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக மின்னிக்கொண்டே போகும். வேண்டிய எழுத்து வரும்போது பட்டனை அமுக்கினால் போதும். பக்கத்தில் உட்கார்ந்து யாரும் ஊகிக்க வேண்டாம். "அக்கா, உங்களுக்குக் கம்ப்யூட்டர்லாம் தெரியும்லா, மாட்டிக் குடுங்க" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

கம்பெனி வேலைக்கு வாங்கியதில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டும் திரையும் என்னிடம் மிச்சம் கிடந்தன. கடைகளில் விலை காட்டுகிற பலகைக்காகச் செய்தது. கட்டில் மேலே தொங்கவிடத் தோதான எடை. ஆனால் அந்தத் திரை நான் கட்டிய கர்னலில்தான் எரியும், அந்தக் கர்னலை நறுக்கோ நறுக்கென்று நறுக்கியவளும் நானேதான். விலைப் பலகை விலையைக் காட்டினால் போதும், அதோடு யார் பேசப் போகிறார்கள்? மவுஸ், கீபோர்டு, தொடுதிரை எல்லாவற்றுக்கும் n. எங்கள் தொழிலில் கைக்குப் பழகிப்போன பதில் அது. சந்தேகம் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு என்று பாதி டிரைவர்களின் உதவிக் குறிப்பிலேயே எழுதியிருக்கும். பெரியப்பா இந்தத் தொழிலுக்கு வந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்.

பட்டனைச் சொருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. என் லேப்டாப்பில் சொருகிப் பார்த்தபோது, அது தன்னை வீடியோ கேம் ஆடுகிற ஜாய்ஸ்டிக் என்று சொல்லிக்கொண்டது. ஆக, போர்டின் கர்னலில் ஜாய்ஸ்டிக் டிரைவரை வைத்து மறுபடி கட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு மதியத்தில் முடிகிற வேலை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வெளியே சாரல், குற்றாலத்துக்குப் போகிற வேன்கள் ஹாரன் அடித்தே உயிரை வாங்கிக்கொண்டிருந்தன. நான் நீலத் திரையில் மெனுவைத் திறந்து வைத்திருந்தேன். அம்மா மாடிப்படி ஏறி வந்து வாசலிலேயே நின்றாள். முட்டுவலிக்காரி, மாடிக்கு வரவே மாட்டாள்.

"ஏட்டி, அத மாட்டுனா அவ என்ன வேணும்னாலும் கேப்பாளா?"

"கேப்பா."

"அவுகள எங்கன்னு கேட்டா என்னத்தச் சொல்லுவ?"

நான் மெனுவில் அடுத்த வரிக்கு இறங்கினேன்.

"இப்பக் கேக்க முடியலன்னுதான் அவ இருக்கா. இல்லன்னு தெரிஞ்சா கண்ணையும் மூடிக்கிடுவாட்டி. எனக்கு அந்தக் கண்ணாச்சும் வேணும்."

கைகளால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "நீங்க கீழ போங்கம்மா, கால் வலிக்கும்" என்றேன். ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

மெனுவில் ஜாய்ஸ்டிக் என்ற வரியே காணோம். தாய் மெனுவை அணைத்துவைத்திருந்தால் அதற்கு உட்பட்டதெல்லாம் கண்ணிலேயே படாது, அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதாகவே காட்டாது. டிவைஸ் டிரைவர்ஸ், அதற்குள் யுஎஸ்பி, அதற்கு y. அதைத் தொட்டதும் கீழே பத்து வரி முளைத்தது. உள்ளீட்டுச் சாதனங்கள், y. அதற்குள் இன்னொரு கதவு. நாலு கதவு தாண்டித்தான் ஜாய்ஸ்டிக் வந்தது. எதிரே காலியான அடைப்புக்குறி.

விரல் தன்னால் m பக்கம் போனது. m போட்டால் டிரைவர் தனித் துண்டாக நிற்கும். ஒரு கட்டளையில் மாட்டலாம், ஒரு கட்டளையில் கழற்றலாம். தங்கை கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டால், அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தால், பட்டன் ரிப்பேர் என்று சொல்லிவிட்டு மெல்லக் கழற்றிவிடலாம். யாருக்கும் தெரியாது. நான் செய்வேன். என்னை எனக்குத் தெரியும், அந்த வீட்டில் எல்லாரும் ஒண்ணு போலச் சொன்னதில் என் குரலும் இருந்தது. அதனால்தான் y போட்டேன். y போட்டால் டிரைவர் கர்னலின் உடம்போடு சேர்ந்துவிடும். கழற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டும், அதற்குள் எனக்கே வெட்கம் வந்துவிடும். சேமித்துவிட்டுக் கர்னலைக் கட்ட விட்டேன். நடுவில் கரண்ட் போனது, இன்வெர்ட்டர் தாங்கியது. வரி வரியாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு ஆறிப்போன டீயைக் குடித்தேன். ருசி தெரியவில்லை.

மறுநாள் காலை போர்டையும் திரையையும் கட்டில் மேலே கட்டினேன். பட்டனை அவள் கட்டைவிரலுக்கு அடியில் வைத்து நாடாவால் சுற்றினேன். பெரியப்பா விஷயம் தெரிந்து வந்து கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "முதல்ல சாமி பேர எழுதும்மா" என்றார். அம்மா கதவோரம் நின்றாள். எழுத்துகள் மின்ன ஆரம்பித்தன. கட்டைவிரல் அமுங்கியது. திரையில் ஒரு எழுத்து வந்து நின்றது.

ந.

அதற்குத் துணைக்கால் வரக் கொஞ்ச நேரமானது. பிறகு ஒற்று. அவளுக்கு நெற்றியில் வியர்த்தது. துடைத்துவிட்டேன். "தண்ணி வேணுமா தாயி, நாக்கு வறண்டுச்சா?" என்று அம்மா ஆரம்பித்தாள். "கொஞ்சம் சும்மா இருங்கம்மா!" என்று கத்தினேன். ரொம்ப நேரம் கழித்து வரி முடிந்தது.

நான் பாத்தேன்

"யாரப் பாத்த?" என்றார் பெரியப்பா.

அவுகள

பெரியப்பா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். விரல் நிற்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக வந்துகொண்டே இருந்தது.

ரோட்ல என் பக்கத்துல கிடந்தாக

விழுந்த உடனே அவளுக்கு நினைவு போய்விட்டது என்றே இருந்தோம், எங்களில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. விபத்து நடந்த இடத்தில் நாங்கள் யாரும் இல்லை. பெரியப்பாவுக்குப் போனில் செய்தி வந்தது, அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், நான் சொல்லித்தான் அம்மாவுக்கு. கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் கூடி, கண்ணால் பார்த்தவளிடம் ஒளித்திருக்கிறோம். ஒரு வருஷம். எழுந்து போகவும் பெரியப்பாவுக்குத் தெரியவில்லை.

"அழாதட்டி" என்று அம்மா தங்கையிடம் சொன்னாள். தங்கை அழவே இல்லை. திரையையே பார்த்துக்கொண்டு அடுத்த எழுத்துக்குக் காத்திருந்தாள். அவளுக்கு எங்களிடம் கேட்க எதுவும் இல்லை. சொல்லத்தான் இருந்தது.

தண்ணி கேட்டாக

அவள் விரல் சற்று ஓய்ந்தது. முடித்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம் மறுபடி அமுங்கியது.

என்னால அசைய முடியல

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "இத ஒத்தையில வச்சிக்கிட்டா தாயி இத்தன நாளும் கிடந்த?" என்று கேட்டாள்.