சரசுவுக்கு நான் வாங்கிய கத்தி

என் மனைவியின் கட்டைவிரல் மடங்காமல் போனதற்குக் காரணம் நான்தான். மழை அல்ல, அவளுடைய கவனக்குறைவும் அல்ல. நான்! இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்.

சரசு கிளியூர்ப் பக்கம் ஒரு நர்சரியில் ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். பட்டர் புரூட் கன்றின் தலையை வெட்டித் தண்டைப் பிளந்து, நல்ல மரத்துக் குச்சியை ஆப்பு போலச் சீவி அதில் செருகிக் கட்டுகிற வேலை. ஒரே இழுப்பில் சீவ வேண்டும். அவள் கட்டியது பட்டுப்போகாது என்று பெயர். செம்மநத்தத்திலிருந்து வருகிறவர்கள்கூட, "சரசு கட்டினதுங்களா?" என்று கேட்டுத்தான் கன்று வாங்குவார்கள்.

ஏற்காட்டில் ஜீப் ஓட்டுகிற என்னைச் 'சரசு புருஷன்' என்றால்தான் பலருக்குத் தெரியும். எனக்கு அது பெருமையாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது... அதையும் மறைப்பானேன்!

அவளுடைய பழைய மடக்குக் கத்தி தேய்ந்துபோயிற்று. சேலத்துக்குச் சவாரி கிளம்பிய என்னிடம் சொன்னாள்:

"ஏனுங்க, மரப்பிடி போட்டதா பாத்து வாங்கிட்டு வாங்க. சின்னதா இருக்கோணும். பித்தளை, இரும்பெல்லாம் மழையில வழுக்குதுங்க. பாக்க எப்படி இருந்தாலும் சரி."

இதைவிடத் தெளிவாக ஒருத்தியால் எப்படிச் சொல்ல முடியும்?

கடைக்காரர் இரண்டு கத்திகளை எடுத்து வைத்தார். ஒன்று கருவேல மரப்பிடி. மங்கிய நிறம், சின்ன உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. இன்னொன்று பித்தளைப் பிடி. இரு பக்கமும் கொடியும் பூவும் செதுக்கி, பளபளவென்று கனமாக இருந்தது. "வேலைக்குன்னா மரத்தையே எடுத்துக்கங்க. பித்தளை சும்மா வெச்சுப் பாக்கத்தான் ஆகுமுங்க" என்று அவரே சொன்னார்.

நான் பித்தளையை எடுத்துத் திறந்து மூடினேன். என் கைக்கு எவ்வளவு பாந்தமாக இருந்தது! என் கைக்கு... அவள் கை எவ்வளவு சிறியது என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும் பிடித்த கைதானே!

வாங்கியதை உடனே கொடுத்தேனா? அதுவும் இல்லை. சில நாள் ஜீப் ஸ்டாண்டில் வைத்துக்கொண்டு, சுற்றுலா வந்தவர்களுக்குக் கொய்யா நறுக்கிக் கொடுத்தேன். மற்ற டிரைவர்கள் வாங்கிப் பார்த்து மெச்சினார்கள். ஆசை தீர்ந்த பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"மரப்பிடியே இல்லையாம் புள்ள. இப்பெல்லாம் வாரதில்லையாம்" என்று நாக்குக் கூசாமல் சொல்லிக் கத்தியை நீட்டினேன்.

"கைக்குக் கை குடுக்காதீங்க, சண்டை வந்துரும். கீழ வைங்க" என்று சிரித்தாள். தரையில் வைத்தேன், எடுத்துக்கொண்டாள். சண்டை வரவே இல்லை. வந்திருந்தால் தேவலை.

சில நாளில் பிடி முழுக்கப் பழைய சைக்கிள் ட்யூப்பைச் சுற்றி நூலால் கட்டியிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது.

"இத்தன அழகான கத்திய இப்படியா அலங்கோலம் பண்ணுவ?"

"வழுக்குதுங்க. வெரலு சுத்தி எட்ட மாட்டேங்குது."

நான் கேட்டேனா? அவள் சமையலில் இருந்தபோது ட்யூப்பை அறுத்து எறிந்தேன்! புளி போட்டுத் தேய்த்துப் பித்தளையை மின்ன வைத்தேன். மறுநாள் காலையில் அவள் அதைப் பார்த்தாள். பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அன்று மலை முழுக்க மூட்டம், விடாத தூறல். ஈரக் கையில் கத்தி திரும்பிவிட்டது. குச்சியைப் பிடித்திருந்த இடது கட்டைவிரலின் அடியில் ஆழமாக இறங்கி நரம்பை அறுத்தது.

என் ஜீப்பில்தான் அவளைச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். துண்டு சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பல்லைக் கடித்தபடி இருக்க, அடிவாரம் வரும்வரை நான் திட்டிக்கொண்டே வந்தேன். "கொஞ்சம் பாத்துச் செய்யக் கூடாதா?" என்றேன். நான்! அவளைப் பார்த்து!

"என் தப்புதானுங்க" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கியரை மாற்றினேன்.

தையல் போட்டார்கள், புண் ஆறியது, விரல் மடங்கவில்லை. குச்சியைப் பிடிக்க முடியாதவள் எப்படி ஒட்டுக் கட்டுவாள்? அதே நர்சரியில் இப்போது பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்புகிறாள். இன்னும் சிலர் அவள் பெயரைச் சொல்லிக் கன்று கேட்கிறார்கள். அவள் குனிந்தபடியே, "இப்ப வேற ஆளு கட்டுறாங்க" என்கிறாள். அந்தக் குரலைக் கேட்கப் பயந்தே நான் ஜீப்பைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துவேன்.

போன மாதம் அவளை அழைத்துவரப் போனபோது, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் எந்தக் கத்தி வாங்கலாம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மரப்பிடியா வாங்குங்க கண்ணு. எனக்கு அது கெடைக்கல. ஊட்டுக்காரரு நொம்ப அலைஞ்சு தேடித்தான் வேற வாங்கியாந்தாரு. நாந்தான் புடிக்கத் தெரியாமப் புடிச்சுட்டேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, இவங்களுக்காகச் சேலத்துல இன்னொருக்காக் கேட்டுப் பாக்கறீங்களா?"

தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

அதே கடைக்குப் போனேன். நான் கேட்டு முடிக்கும் முன்பே கடைக்காரர் இரண்டு மரப்பிடிக் கத்திகளை எடுத்து நீட்டினார். தேடக்கூட இல்லை!

நர்சரித் திண்ணையின்மேல் அவற்றை வைத்தேன். சரசு ஒன்றை எடுத்து வலது கையை மூடிப் பார்த்தாள். அவள் விரல்கள் பிடியைச் சுற்றி வளைந்து ஒன்றையொன்று தொட்டன. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்...

"இப்பத்தான் வர ஆரம்பிச்சிருக்குதுங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

"ஆமா புள்ள, இப்பத்தான்" என்றேன்.