ஸ்டோருக்குள் போன வாடை

போன மாதம் எனக்குப் பல்செட் கட்டினார்கள். ஹட்டன் கடைவீதியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடி. ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. மிச்சமிருந்த நாலு பல்லையும் பிடுங்கி எறிந்தபிறகு வாயைப் பொத்திக்கொண்டு திரிந்த எனக்கு, அங்கே உட்கார்ந்திருந்த மற்றப் பொக்கை வாய்களைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. பல் கட்டும் பையன் ஒரு சின்னக் கிண்ணத்தில் ரோஸ் நிறத் தூளைக் கொட்டி, அதன்மேல் ஒரு போத்தலிலிருந்து தண்ணீர் மாதிரி எதையோ ஊற்றிக் குழைத்தான். ஊற்றியதுதான் தாமதம், அந்த வாடை அறை முழுக்கப் பரவிவிட்டது. அழுகத் தொடங்கிய அன்னாசிப்பழத்தில் மண்ணெண்ணெய் தெளித்த மாதிரி ஒரு வாடை. நான் கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"என்னாங்கம்மா, மயக்கமா வருதா?" என்று கேட்டான்.

மயக்கமில்லை தம்பி, இந்த வாடையை எனக்கு அறுபது வருஷமாகத் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். பல் இல்லாத வாயால் அவ்வளவு நீளமாகப் பேச முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

உங்களிடம் சொல்கிறேன். மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம் கண்ணாடிக் குழாய்களை உடைக்காமல் கழுவுவது. அதையும் முதல் வாரத்தில் சரியாகச் செய்யவில்லை. எங்கள் டாக்டர் தெற்கே காலி என்ற ஊர்ப் பக்கத்துச் சிங்களவர். இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவர். நோயாளிகளிடம் கற்றுக்கொண்ட தமிழைத்தான் பேசுவார், அதனால் அவருடைய தமிழில் பாதி வலியும் பாதிக் காய்ச்சலுமாக இருக்கும். அவர் வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த போத்தல்களில் ஒன்றுதான் இந்த வாடைக்காரன். மெதக்ரிலேட் என்று பெயர். எனக்கு அந்தப் பெயர் வாயில் நுழைய ஒரு மாதமாயிற்று.

பார்வைக்கு வெறும் தண்ணீர். மிதமான சூட்டில் வைத்தால் மெல்ல மெல்ல இறுகிக் கண்ணாடியாகிவிடும். இதே சாதிப் பொருளில்தான் போர் விமானங்களுக்குக் கண்ணாடி செய்தார்களாம். விமானிகளின் கண்ணில் அதன் சில்லு குத்தி உள்ளேயே கிடந்தும் கண் அழுகாமல் இருந்ததைப் பார்த்த ஒரு வைத்தியர், புரை விழுந்த கண்ணுக்கு அதிலேயே வில்லை செய்து வைத்தார் என்று டாக்டர் ஒருநாள் சொன்னார். கதை விடுகிறார் என்றே நினைத்தேன். இப்போது என் இரண்டு கண்ணிலும் அந்தச் சாதி வில்லைதான் இருக்கிறது, வாயிலும் அதுவே வந்துவிட்டது.

எங்களுக்கு அது வேறொரு வேலைக்குத் தேவைப்பட்டது. நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த அரிசி நொய் அளவுச் சதையைச் சாராயத்தில் கழுவி ஈரம் போக்கி, மருந்துக் குளிகையின் வெற்றுக் கூட்டுக்குள் போட்டு, மேலே இந்தத் திரவத்தை ஊற்றிச் சூட்டில் இறுக வைக்க வேண்டும். சதையின் ஒவ்வொரு இடுக்கிலும் அது புகுந்து கெட்டியாகிவிடும். பிறகு அந்தக் கட்டியை உடைந்த கண்ணாடியின் விளிம்பால், கண்ணுக்கே தெரியாத மெல்லிசாகச் சீவலாம். அப்படிச் சீவினால்தான் எலெக்ட்ரோன் நுணுக்குக்காட்டியில் பார்க்க முடியும். அந்தப் பெரிய யந்திரம் எங்களிடம் ஏது? கட்டியைப் பஞ்சில் சுற்றி இங்கிலாந்துக்கு அனுப்புவார் டாக்டர். அங்கே அவருடைய பழைய ஆசிரியர் பார்த்துச் சொல்வார்.

டாக்டருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் உடம்பெல்லாம் வீங்கி வந்து படுத்தால், கொக்கிப்புழு, சத்துக் குறைவு என்று எழுதிவிட்டுப் போவதுதான் வழக்கம். அவர்களில் சிலருக்குச் சிறுநீரகத்தில் ஒரு நோய் இருக்கிறது, சாதாரண நுணுக்குக்காட்டியில் அது தெரியாது, அந்தப் பெரிய யந்திரத்தில்தான் தெரியும் என்பார். அதற்குப் புதிதாக ஒரு மாத்திரையும் வந்திருந்தது. ஆனால் கிடைப்பது அரிது. வேறு வியாதி உள்ள பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால், உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்து கிருமி புகுந்து கொன்றுவிடும் என்று அவருக்குப் பயம்.

தனம் அப்படி வந்த பிள்ளை. ஐந்து வயதிருக்கும். றொசல்லைப் பக்கத்துத் தோட்டம். கண் இரண்டும் வீக்கத்துக்குள் புதைந்து, வெறும் கோடாகத் தெரிந்தன. அவளுடைய அப்பா வீரமுத்து ஸ்டோரில் ட்ரையர் வேலை செய்தவர். ஸ்டோர் என்றால் கடையில்லை, எங்கள் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வார்கள். அரைத்துப் புளிக்கவைத்த கொழுந்தை அனல்காற்றில் காயவைக்கும் யந்திரம் ட்ரையர். வேலை முடிந்த கையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார். அதிகம் பேசமாட்டார்.

டாக்டர் ஒரு நீண்ட ஊசியால் தனத்தின் முதுகுவழியாகச் சிறுநீரகத்திலிருந்து ஒரு துளி சதை எடுத்தார். பிள்ளை போட்ட சத்தம் வார்டைத் தாண்டிக் கேட்டது. "இன்னொரு முறை இந்தப் பிள்ளைக்கு ஊசி போடமாட்டேன்" என்று அவர் என்னிடமும் அவள் அப்பாவிடமும் சொன்னார். கிடைத்தது அந்த ஒரு துளிதான்.

வைகாசி மழை. துளியைக் கழுவி, திரவத்தில் ஊறவைத்து, குளிகைக்குள் போட்டு மூடிய அதே காலையில் எங்கேயோ மண் சரிந்து கரண்ட் போய்விட்டது. எங்கள் சூட்டுப்பெட்டி ஆறிப் போயிற்று. எப்போது கரண்ட் வரும் என்று யாருக்கும் தெரியாது. போத்தலில் வரும் திரவம் தானாக இறுகாமல் இருக்க ஒரு மருந்து கலந்திருப்பார்கள், அதை நாங்கள் கழுவி எடுத்துவிட்டோம். இனி அது தாங்காது, ஒரே சீரான சூட்டில் இறுகாவிட்டால் சதை சிதைந்துபோகும். அடுப்பங்கரையில் வைக்கலாமா என்று நான் கேட்டேன். சூடு ஏறி இறங்கினால் உள்ளே குமிழி விழும் என்றார் டாக்டர்.

வார்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வீரமுத்து, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"எங்க ஸ்டோரு எஞ்சின்ல ஓடுதுங்க. கொழுந்து ரொம்ப, ராவும் பகலும் ட்ரையர நிப்பாட்டுறதில்ல. சூடு ஒரே மாதிரி நிக்கும். குடுங்க, நான் வச்சு எடுத்தாறேன்."

டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கடற்கரை ஊர்க்காரர், அவருக்கு ஸ்டோர் வழக்கம் தெரியாது. தேயிலை எந்த வாடையைக் கண்டாலும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் பூ வைத்த தலையோடு யாரும் ஸ்டோருக்குள் போகக்கூடாது. வாசனை எண்ணெய் கூடாது, வெங்காயம் கூடாது, வெற்றிலைகூட வெளியே துப்பிவிட்டுத்தான் போக வேண்டும். ஹட்டனில் பிறந்த எனக்கு இது தெரியும். அவரை ஒதுக்குப்புறமாக அழைத்துக் கேட்டேன்.

"இந்த நாத்தத்தக் கொண்டு எப்படிங்க ஸ்டோருக்குள்ள போவீங்க?"

"தெரியும் மிஸ்ஸி. டின்னுல போட்டு ஒட்டிப்புடுவேன்." ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பெண் யாராக இருந்தாலும் அவர்களுக்கு மிஸ்ஸிதான்.

"புடிச்சாங்கன்னா?"

"எம் புள்ளைக்கு இன்னொருக்கா ஊசி போட மாட்டேன்னு ஐயா சொல்லிட்டாரே" என்றார்.

ஒரு பிஸ்கட் டின்னுக்குள் குளிகையை நிறுத்தி வைத்துக் கொடுத்தோம். அதன் மூடியைச் சுற்றி அவர் மாப்பசையைக் காய்ச்சித் தடவினார். லயம் என்கிற வரிசைவீடுகளின் காம்பரா அறைச் சுவர்களில் ஊதல் காற்றுக்குப் பழைய பேப்பர் ஒட்டுவார்களே, அதே பசை. லயத்துக் குளிரில் அது பிடித்தால் உளியால்தான் பெயர்க்க வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் அவர் செய்தார். ட்ரையரின் பக்கச் சுவர்மேல், அனலடிக்கும் இடத்தில் அந்தப் பசை காய்ந்து வெடிக்கும் என்று அவர் யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் மழையில் நனைந்தபடி டின்னைக் கொண்டுவந்தார். குளிகைக் கூட்டை உரித்தோம். ஒரு குமிழிகூட இல்லை. பளிங்காக இருந்தது, நடுவில் தூசி போலத் தனத்தின் துளி. டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வீரமுத்துவிடம் காட்டினார். அவர் தொடவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

அதேநேரம் ஸ்டோரில் என்ன நடந்தது என்பதை எனக்குப் பிற்பாடு சொன்னவள் காமாட்சி. சல்லடைப் பகுதியில் தேயிலை சலித்தவள், பிள்ளைப்பேற்றுக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் அன்று காலைத் தேயிலையை ஊற்றி ஒரு வாய் வைத்தவர் அப்படியே துப்பிவிட்டாராம். அடுத்த கோப்பையும் அப்படியே. பெண்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருத்தியாகத் தலையை முகர்ந்து பார்த்திருக்கிறார்கள். காமாட்சி கல்யாணம் முடித்துப் புதிதாக வந்தவள். முதல்நாள் தலைக்கு வைத்த வாசனை எண்ணெய் இன்னும் கொஞ்சம் மணத்தது. அவள்தான் என்று முடிவாயிற்று. தோட்டத்தை நிர்வகித்த துரை வந்து, அவளுக்கும் புருஷனுக்கும் வேலைநீக்கச் சீட்டான பத்துச்சீட்டைக் கொடுத்துத் தோட்டத்தைவிட்டு அனுப்பச் சொல்லிவிட்டார்.

"நான் அழுதுகிட்டு நிக்கிறேன் மிஸ்ஸி. அப்பத்தான் வீரமுத்தண்ணன் ஆஸ்பத்திரியிலேருந்து வாராரு. என்னான்னு கேட்டாரு. நேரா தொரகிட்டப் போயி, அந்தப் புள்ள இல்லீங்க, நான்தாங்க வச்சேன்னாரு. தெரியாம வச்சியான்னு தொர கேக்குறாரு. இல்லீங்க, தெரிஞ்சுதாங்க வச்சேன்னாரு."

தெரியாமல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒருவேளை மன்னிப்புக் கிடைத்திருக்கும். அந்த மனுஷனுக்கு அது வரவில்லை. எனக்கு இப்போதும் அவர்மேல் கோபம் வருகிறது. டாக்டர் கேள்விப்பட்டதும் துரையின் பங்களாவுக்குப் போனார். திரும்பி வந்தவர் நனைந்த கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். துரை மசியவில்லை, பத்துச்சீட்டு வீரமுத்துவுக்குத்தான். வேலை போனால் காம்பராவும் போகும். தனத்தை வார்டிலிருந்து தூக்கிக்கொண்டு, உடப்புசல்லாவைப் பக்கம் அவள் தாய்மாமன் இருந்த தோட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

இங்கிலாந்திலிருந்து பதில் வர மாதங்களாயின. டாக்டர் சொன்ன நோயேதான். மாத்திரை கொடுக்கலாம். அதை எடுத்துக்கொண்டு அவரும் நானும் நானுஓயா வரை ரயிலில் போய், பிறகு பஸ்ஸில் போய், பிறகு சேற்றில் நடந்தோம். மாமனின் காம்பராவில் ஒரு மூலையைச் சாக்கால் மறைத்துக் குடியிருந்தார்கள். வீரமுத்துவுக்கு அங்கே பெயர்ப் பதிவு இல்லை, கூப்பிடும் நாளில் வடிகால் கான் வெட்டப் போவார். பிள்ளை உயிரோடு இருந்தது. அதைப் பார்த்ததும் டாக்டர் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

நான் அங்கேயே தங்கி மாத்திரை கொடுத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் பிள்ளைக்குச் சிறுநீர் பிரியத் தொடங்கியது. பாயை மாற்றி மாற்றி எங்களுக்குக் கை ஓய்ந்துபோயிற்று. வீக்கம் வடிய வடிய, கன்னம், நாடி, கண் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவளுடைய அம்மா பிள்ளையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

"அடியாத்தி, இவ எங்க மாமியாரு சாடைல்ல! எனக்கு மறந்தே போச்சு மிஸ்ஸி" என்று சிரித்துச் சிரித்து அழுதாள்.

அதன்பிறகு அவர்களை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். அறுபதுகளின் தொடக்கம். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்ட மனு நிற்கவில்லை, நிரந்தரமாக ஒரு தோட்டத்தில் பெயர் இல்லாதவருக்கு எப்படி நிற்கும்? இந்தியாவுக்குப் போக முடிவு செய்துவிட்டார்கள். சொல்லி அனுப்பியிருந்தார்கள், ஹட்டனில் அதே ரயிலில் ஏறி நாவலப்பிட்டி வரை கூடப் போனேன். தனம் பாவாடை கட்டிய பெரிய பிள்ளையாகிவிட்டிருந்தாள். ஆஸ்பத்திரி அவளுக்கு ஞாபகமில்லை, என்னையும் தெரியவில்லை. வெட்கப்பட்டு அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

றொசல்லையைத் தாண்டும்போது மழை விட்டிருந்தது. வீரமுத்து எழுந்து ஜன்னலோரம் நின்றார். மலைச்சரிவில் வெள்ளைத் தகரம் அடித்த ஸ்டோர் தெரிந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அந்தா பாரு, அதுதான் அப்பா வேல செஞ்ச ஸ்டோரு. நீ அங்கதான் பொறந்த."

"அப்பறம் ஏன்ப்பா அங்கேருந்து வந்துட்டோம்?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவள் அம்மா மூட்டையின் முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

"ஒனக்கு அங்க குளிரு ஒத்துக்கல தாயி" என்றார் வீரமுத்து.

மெதக்ரிலேட்டில் சதை உப்பிச் சிதைகிறது என்று சில வருஷங்களிலேயே உலகம் முழுவதும் வேறு திரவங்களுக்கு மாறிவிட்டார்கள். டாக்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆய்வுக்கூடம் இருந்த இடத்தில் இப்போது மருந்துப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். ஸ்டோரைத் தகரம் தகரமாகக் கழற்றி விற்றுவிட்டார்கள், அஸ்திவாரத்தில் மானாப்புல் முளைத்துக் கிடக்கிறது. அந்தத் தோட்டத்தில் வீரமுத்து என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. அவரும் அவர் மனைவியும் எந்த ஊரில் எப்போது கண்ணை மூடினார்களோ. காமாட்சியும் போனபிறகு, நடந்தது தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிஞ்சியிருக்கிறேன். தனம் எங்காவது உயிரோடு இருந்தால், குளிருக்குப் பயந்துதான் அப்பா அந்த மலையை விட்டு வந்தார் என்று தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள்.