தானாகப் போன கட்டி

தங்கை பிறந்தபோது இடது இமையில் கொசு கடித்த மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. அவளுக்குத் தலை நிற்பதற்குள் அது நாவல்பழம் அளவுக்கு வீங்கிக் கண்ணை மூடிவிட்டது. அவள் அழுதால் கட்டி கருஞ்சிவப்பாகும். வெடித்துவிடும் என்று எனக்குக் குலைநடுக்கம். அவள் வாய் கோணும்போதே ஓடிப்போய்த் தூக்கிக்கொள்வேன்.

"அம்மன் வெச்ச குங்குமம் இது. ஒண்ணும் ஆவாது, தானா பூடும்" என்றார் மாமா. தீவில் நாங்கள் குடியிருந்த நமாகா ஊரில் எங்களைச் சேர்ந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். கோயிலில் சிலர் தங்கையின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். கட்டிக்குள் இருக்கும் கண்ணைப் பற்றி ஒரு முட்டாளும் கேட்கவில்லை.

அம்மாதான் அவளைப் பக்கத்து நாடி டவுனில் இருந்த கண் டாக்டரிடம் தூக்கிப் போனாள். நானும் கூடப் போனேன். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர் அவர்.

"ரத்தக்குழாய்க் கட்டிம்மா. தானா சுருங்கும், ஆனா வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் இமை மூடியே கிடந்தா கண்ணு பார்க்கவே பழகாது. அடுத்த வாரம் கொண்டாங்க, ஊசி போட்டுச் சுருக்கிடலாம்."

அந்த வாரம்தான், இந்தியர் கை ஓங்கக் கூடாதென்று தீவின் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சாலையெல்லாம் சிப்பாய்கள். பின்தெருவில் ஓர் இந்தியர் வீட்டைக் கொள்ளையடித்தார்கள். அப்பா கதவுக்குக் குறுக்கே கட்டிலை இழுத்துப் போட்டார். டாக்டரிடம் போகலாம் என்று அம்மா தினமும் கெஞ்சினாள். "கண்ணு பெர்சா, உசுரு பெர்சா?" என்று அப்பா கத்தினார். லாரிச் சத்தம் கேட்டால் நான் தங்கையோடு கட்டிலுக்கடியில் புகுந்து அவள் வாயைப் பொத்துவேன்.

ஒருவழியாக நாடிக்குப் போனபோது டாக்டர் வீடு பூட்டிக் கிடந்தது. ஆஸ்திரேலியா போய்விட்டாராம். ஒண்ணும் ஆவாது என்ற மாமாவும் குடும்பத்தோடு விமானம் ஏறிவிட்டார். இமையில் ஊசி போட வேறு யாரும் துணியவில்லை. நாட்டைப் பிடித்தவனுக்கும் சரி, விட்டு ஓடினவனுக்கும் சரி, ஒரு குழந்தையின் கண் கணக்கிலேயே இல்லை.

மாமா சொன்னது பலித்தது. கட்டி தானாகவே வற்றியது. ஓடியாடிப் பேசும் வயதில் தங்கை இரண்டு கண்களையும் திறந்து விழித்தாள். அப்பா கோயிலில் பொங்கல் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவளை மடியில் உட்காரவைத்து, வலது கண்ணை உள்ளங்கையால் மூடினாள். நான் எதிரே வாசற்படியில் நின்றேன்.

"அக்காவப் பாரு."

இடது கண்ணை அகலத் திறந்துகொண்டு, "அக்கா எங்க?" என்றாள் தங்கை.

கண்ணாமூச்சி ஆடுகிறாள் என்று நினைத்து, நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அசையாமல் நின்றேன்.